ஹாரோ ஈஸ்ட், ஹென்டன், இல்ஃபோர்ட் நார்த்: லண்டன் புறநகர்த் தொகுதிகளில் வெற்றி எங்கே தீர்மானமாகிறது?

கென்டன்_வாசகன்

2024 ஜூலை 4 பொதுத்தேர்தலில் லண்டனின் வெளிவட்டத்துத் தொகுதிகள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஹாரோ ஈஸ்டில் கன்சர்வேட்டிவ் கட்சியின் பாப் பிளாக்மனுக்கு 25,466 ஓட்டு, லேபரின் பிரிமேஷ் படேலுக்கு 13,786. நாடு முழுக்க 121 இடத்துக்குச் சுருங்கிய ஒரு கட்சியில், பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கிய ஒரே வேட்பாளர் பிளாக்மன்தான். எட்ஜ்வேர் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால் ஹென்டன். அங்கே லேபர் ஜெயித்தது வெறும் 15 ஓட்டில். கிழக்கே இல்ஃபோர்ட் நார்த்தில் லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 15,647, சுயேச்சை வேட்பாளர் லீயான் மொஹமத் 15,119. வித்தியாசம் 528.

மூன்றிலும் தெற்காசிய வாக்காளர்கள் ஏராளம், யூத வாக்காளர்களும் உண்டு. ஆனால் மூன்றும் மூன்று திசையில் போயிருக்கின்றன. "ஆசிய ஓட்டு" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். பொதுவான அபிப்பிராயம் வேண்டாம், வேலை எப்படி நடக்கிறது என்று எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

எண்ணிக்கை_மேசை

முதலில் ஹாரோ ஈஸ்டின் வரிசையைப் பாருங்கள். 2010-இல் பிளாக்மன் லேபரிடமிருந்து தொகுதியைப் பிடித்தபோது வித்தியாசம் 3,403. 2015-இல் 4,757. 2017-இல் 1,757 ஆக இறங்கியது. 2019-இல் 8,170. 2024-இல் 11,680. 2017 வரை இது எந்தப் பக்கமும் சாயக்கூடிய தொகுதியாகத்தான் இருந்தது.

2017-க்கும் 2019-க்கும் நடுவில் நடந்தவை முக்கியம். சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் முடிவு செய்திருந்தது. பல இந்து அமைப்புகள் அதை எதிர்த்தன, பிளாக்மன் அவர்களோடு நின்றார். 2018-இல் அந்தப் பிரிவைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2019 செப்டம்பரில் லேபர் மாநாடு காஷ்மீர் பற்றித் தீர்மானம் போட்டது, அது குஜராத்தி வீடுகளில் பெரிய கோபமாக மாறியது. அதே காலத்தில் லேபருக்குள் யூத வெறுப்பு பற்றிய சர்ச்சை. தொகுதிக்குள் இருக்கும் ஸ்டான்மோர், கேனன்ஸ் பக்கம் அது நேரடியாக ஓட்டாக மாறியது. மூன்றும் ஒரே திசையில் தள்ளின.

ஆனால் "இந்து ஓட்டில் ஜெயித்தார்" என்று மட்டும் சொன்னால் கணக்கு இடிக்கும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாரோ பரோவில் (உள்ளாட்சிப் பகுதியில்) இந்துக்கள் 25.8 சதவீதம். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் அதுதான் அதிகபட்சம். பரோவின் கிழக்குப் பாதியில் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் எல்லோரும் ஒரே சின்னத்துக்குப் போட்டார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பிளாக்மன் வாங்கிய 53 சதவீதம் வராது. மீதி யூத, கிறித்தவ, மதமற்ற வீடுகளிலிருந்து வந்தது. அதற்குக் காரணம் பதினான்கு வருடத் தொகுதி வேலை. வீடற்றோர் தொடர்பான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர். அவருடைய மற்ற நிலைப்பாடுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அந்தச் சட்டம் நல்ல சட்டம்.

ரெய்னர்ஸ்லேன்

மேசை அண்ணை சொன்னதோட ஒண்டைச் சேர்க்க வேணும். 2015-இல ஹாரோ ஈஸ்டில லேபருக்கு நிண்டது உமா குமரன். "தமிழ்ப் பிள்ளை நிக்குது, தமிழ் ஆக்கள் எல்லாரும் போடுவினம்" எண்டு அப்ப நிறையப் பேர் கதைச்சவை. 4,757 வாக்கால தோல்வி. அதே உமா குமரன் 2024-இல ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில வெண்டு நாடாளுமன்றம் போனவர். அது லேபருக்கு உறுதியான கிழக்கு லண்டன் தொகுதி. தமிழர் செறிவாக இருக்கிற இடத்தில வெல்லேல்லை, கட்சி பலமாக இருக்கிற இடத்தில வெண்டவர். இதிலயிருந்து கொஞ்சம் படிக்கலாம்.

தமிழ் வாக்கு எண்டு சொல்லுறதுக்குள்ள எத்தினை பிரிவு இருக்கு எண்டு பாருங்கோ. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதியாக வந்த தலைமுறை, குடிவரவு வழக்குக்கு உதவின உறுப்பினரை மறக்காது. கட்சியைவிட ஆளைப் பார்க்கும். அவையின்ர பிள்ளையள் வீட்டுக்கடன் வட்டி, பள்ளிக்கூட இடம், பார்க்கிங் எண்டு பார்க்கினம். கடை வைச்சிருக்கிறவருக்கு வணிக வரிதான் பிரச்சினை. தமிழ்நாட்டிலயிருந்து ஐடி வேலைக்கு வந்த குடும்பத்துக்கு விசாக் கட்டணம். முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கு எல்லாக் கட்சிக்காரரும் வந்து மாலை போடுகினம், அதால அது வாக்கைப் பிரிக்கிற விசயமாக இல்லை.

இன்னொண்டு. ஹாரோவில இருக்கிற எல்லாரும் ஹாரோ ஈஸ்டிலயோ வெஸ்டிலயோ இல்லை. பின்னர் (Pinner) எண்ட ஊர், ஹட்ச் எண்ட் பக்கம் எல்லாம் ரைஸ்லிப், நோர்த்வூட் அண்ட் பின்னர் தொகுதிக்குள்ள வரும். கவுன்சில் வேற, தொகுதி வேற. அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்க்காமல் துண்டுப் பிரசுரம் குடுக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம்.

கதவுதட்டி

கன்வாஸிங், அதாவது வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த மாதிரித் தொகுதியில் கணக்கு தவறும் முதல் இடம் வீட்டு வாசல்தான்.

ஒரு தொகுதியில் ஏறக்குறைய 73,000 வாக்காளர். 2023 எல்லை மறுசீரமைப்பில் 69,724-க்கும் 77,062-க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி, ஐந்து தீவுத் தொகுதிகளுக்கு மட்டும் விலக்கு. புறநகரில் ஒரு வீட்டுக்கு இரண்டரைப் பேர் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 29,000 கதவு. ஒருவர் மணிக்கு இருபத்தைந்து கதவு தட்டலாம், அதில் எட்டோ ஒன்பதோ திறக்கும். ஆறு பேர் இரண்டு மணி நேரம் நடந்தால் நூறு வீட்டோடு பேச முடியும். இந்தக் கணக்கைப் போட்டாலே தெரியும், தேர்தல் அறிவித்த ஆறு வாரத்தில் தொகுதி முழுவதையும் எட்ட முடியாது. 2024-இல் அறிவிப்பு மே 22, வாக்குப்பதிவு ஜூலை 4. முன்பே தகவல் சேர்த்துவைத்த கட்சிக்குத்தான் அந்த ஆறு வாரம் உதவியது.

இனி முக்கியமான பிழை. பெரிய குடும்பம் இருக்கும் வீட்டில் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் மூத்தவர். "நாங்க அஞ்சு பேரும் லேபர்தான்" என்பார். தட்டியவர் கைப்பேசிச் செயலியில் ஐந்து பேருக்கும் "உறுதி" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். வாக்குப்பதிவு நாளில் அந்த ஐந்து பெயரும் நினைவூட்டல் பட்டியலில் வரும். மாலை ஆறு மணிக்குப் போய்க் கதவைத் தட்டி, எதிர்க்கட்சிக்குப் போடப் போகும் இரண்டு இளையவர்களையும் நாமே கிளப்பி அனுப்புவோம். சரியான முறை: யாரோடு பேசினீர்களோ அவர் பெயருக்கு மட்டும் குறி. மற்றவர்களுக்கு "பேசவில்லை". பதிவு குறைவாகத் தெரியும், ஒருங்கிணைப்பாளர் முகம் சுளிப்பார், ஆனால் அந்த எண்ணிக்கையை நம்பலாம்.

மொழி தெரிந்தவரைக் கூட்டிப் போவது நல்லதுதான். ஆனால் அதே தெருக்காரரை அனுப்பாதீர்கள். சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர் வந்து கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே "இல்லை" சொல்ல மாட்டார்கள். பட்டியல் முழுக்க "உறுதி" நிரம்பும், பெட்டியைத் திறந்தால் இருக்காது.

கென்டன்_வாசகன்

கதவுதட்டி, வாக்குச்சாவடி வாசலில் ரிப்பன் குத்திக்கொண்டு நின்று எண் கேட்கிறார்களே, அவர்கள் யார்? அந்த எண்ணைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கதவுதட்டி

கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. டெல்லர் என்று சொல்வார்கள், கட்சித் தொண்டர்கள்தான், தேர்தல் அதிகாரிகள் இல்லை. வாக்காளர் அட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு மறுபடி ஆள் அனுப்ப மாட்டார்கள். அவ்வளவுதான் பயன். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது, வழிமறிக்கக் கூடாது. பேத்தியோடு வரும் பாட்டிகள் இவர்களை அதிகாரி என்று நினைத்துப் பயப்படுவதுண்டு. வீட்டில் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பதிவேடு

கதவுக்குப் போவதற்கு முன்னால் பட்டியலைப் பாருங்கள். நான் பார்த்தவரை எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது.

நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இங்கே தங்க அனுமதி இருந்து, இங்கே வசித்தால், 18 வயது ஆனால் போதும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவருக்கும் உரிமை உண்டு. நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்த காமன்வெல்த் குடிமகன் வேட்பாளராகவே நிற்கலாம். இது தெரியாமல் பத்து வருடம் ஓட்டுப் போடாமல் இருப்பவர்கள் நம் ஊர்க்காரர்களில் எக்கச்சக்கம்.

எதிர்ப்பக்கம், ஹாரோவில் கணிசமாக வாழும் ருமேனியர்கள் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாது. கவுன்சில் தேர்தலில் 2020 இறுதிக்கு முன்பிருந்து சட்டப்படி வாழ்ந்து வருபவர்களுக்கு உரிமை உண்டு, பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. ஆக ஒரே தெருவில் கவுன்சில் தேர்தலுக்கு ஒரு பட்டியல், நாடாளுமன்றத்துக்கு வேறு பட்டியல். 2022 மே மாதம் ஹாரோ கவுன்சிலைக் கன்சர்வேட்டிவ் 31-க்கு 24 என்று பிடித்ததை வைத்து நாடாளுமன்ற ஓட்டைக் கணிப்பவர்கள் இந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பதிவுக்குக் கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு. 2024-இல் அது ஜூன் 18 நள்ளிரவு. இணையத்தில் ஐந்து நிமிட வேலை, தேசியக் காப்பீட்டு எண் வேண்டும். இங்கேதான் தமிழ்ப் பெயர் சிக்கல். தேசியக் காப்பீட்டு ஆவணத்தில் அப்பா பெயர் முதலில், பாஸ்போர்ட்டில் கடைசியில், வங்கியில் முதலெழுத்து மட்டும் என்று மூன்று விதமாகக் கிடக்கும். விண்ணப்பத்தில் தரும் பெயரை அரசுப் பதிவோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் கவுன்சில் ஆவணம் கேட்டுக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பும். அதை விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டால் பெயர் ஏறாது. தேசியக் காப்பீட்டுக் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள்.

ரெய்னர்ஸ்லேன்

அடையாள அட்டை விசயத்தையும் எழுதுங்கோ. வயசுபோன ஆக்கள் திரும்பிப் போற இடம் அதுதான்.

பதிவேடு

எழுதுகிறேன். 2022-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தால் வந்த விதி, 2023 மே கவுன்சில் தேர்தலில் இங்கிலாந்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. பொதுத்தேர்தலில் 2024-தான் முதல் முறை.

ஏற்கப்படுபவை: பிரிட்டிஷ் பாஸ்போர்ட், காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் (இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் தாராளமாகச் செல்லும்), ஓட்டுநர் உரிமம், மாற்றுத்திறனாளிகளுக்கான நீல பேட்ஜ், ஃப்ரீடம் பாஸ் (லண்டன் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் இலவசப் பயண அட்டை), 60 வயதுக்கு மேற்பட்டோரின் ஆய்ஸ்டர் பயண அட்டை. காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். ஏற்கப்படாதவை: மாணவர் ஆய்ஸ்டர், கல்லூரி அட்டை, அலுவலக அட்டை, இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை (OCI) அட்டை. கைப்பேசியில் எடுத்த படமும் நகலும் செல்லாது, அசலே வேண்டும்.

எதுவும் இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் ஆறு வேலை நாள் முன்பு மாலை 5 மணி. பெயரில் சின்ன வேறுபாடு, முதலெழுத்து, எழுத்துக்கூட்டல் மாற்றம் இருந்தால் சாவடி அலுவலர் ஏற்கலாம். திருமணத்துக்குப் பின் பெயரே மாறியிருந்தால் திருமணச் சான்றையும் கையில் எடுத்துப் போங்கள். வாக்குப்பதிவு நாளிலேயே அட்டை தொலைந்தால், மாலை 5 மணி வரை அவசரப் பதிலாள் ஓட்டு (உங்களுக்காக இன்னொருவர் போடுவது) கேட்கலாம். இது யாருக்கும் தெரிவதில்லை.

எண்ணிக்கை_மேசை

தபால் ஓட்டைப் பற்றி ஒரு பதிவு கட்டாயம் வேண்டும். 15 ஓட்டில் முடிவான தொகுதியைப் பற்றித்தானே பேசுகிறோம்.

உறைக்குள் வருபவை: வாக்குச்சீட்டு, வாக்காளர் அறிக்கை, அ உறை, ஆ உறை. சீட்டில் குறியிட்டு அ உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அறிக்கையில் பிறந்த தேதியும் கையெழுத்தும் போட்டு, அதையும் அ உறையையும் சேர்த்து ஆ உறையில் வைக்க வேண்டும். கையெழுத்தும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தில் கொடுத்ததோடு கணினியில் ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் அ உறையைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

எங்கெல்லாம் தவறு நடக்கும்?

பிறந்த தேதிக்குப் பதில் அன்றைய தேதியை எழுதுவது. மிக அதிகம்.

கணவர் அறிக்கை மனைவி உறையில், அம்மா அறிக்கை மகள் உறையில் போவது. ஒரே மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து நிரப்பும் வீடுகளில் இது வழக்கமான விபத்து. இரண்டு உறையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் அலுவலர்கள் சேர்த்துப் பொருத்த வாய்ப்புண்டு. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வந்தால் சிரமம். ஒருவர் நிரப்பி ஒட்டி முடித்த பிறகு அடுத்தவர் தன் உறையைப் பிரிக்கட்டும்.

கையெழுத்து மாறுவது. விண்ணப்பத்தில் தமிழில், அறிக்கையில் ஆங்கிலத்தில் போடுவது. பக்கவாதம், கைநடுக்கம் வந்தவர்களுக்குக் கையெழுத்து விலக்கு உண்டு, முன்கூட்டியே கேட்க வேண்டும்.

தபால் ஓட்டு இப்போது அதிகபட்சம் மூன்று வருடத்துக்குத்தான். 2023 அக்டோபர் 31-க்கு முன் விண்ணப்பித்தவர்களின் பழைய ஏற்பாடு 2026 ஜனவரி 31-உடன் முடிவுக்கு வரும்படி விதி மாறிவிட்டது. "நமக்குத் தபாலில்தான் வரும்" என்று சும்மா இருக்காதீர்கள்.

உறை வந்து சேராவிட்டால், வாக்குப்பதிவுக்கு நான்கு வேலை நாள் முன்பிலிருந்து அன்று மாலை 5 மணி வரை கவுன்சிலில் மாற்று உறை கேட்கலாம். 2024-இல் பல இடங்களில் தாமதமாக வந்ததற்குக் காரணம் எளிது. வேட்புமனு முடிந்தது ஜூன் 7. அதன் பிறகுதான் சீட்டு அச்சாகும்.

கென்டன்_வாசகன்

தபால் ஓட்டில்தான் தில்லுமுல்லு என்று எல்லோரும் சொல்கிறார்களே? ஒரு வீட்டில் பன்னிரண்டு உறை, ஒரே ஆள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகிறார் என்று.

பிரசுரம்

அதற்குத்தான் விதி மாறியது. 2024 மே முதல் ஒருவர் சாவடியில் தன் உறையோடு மற்றவர்களுடையது ஐந்து மட்டுமே கொடுக்கலாம், படிவமும் நிரப்ப வேண்டும். படிவம் இல்லாமல் மேசையில் வைத்துவிட்டு வந்தால் அந்த ஓட்டுகள் தள்ளப்படும். கட்சித் தொண்டர்கள் தங்கள் குடும்பத்தாருடையதைத் தவிர வேறு யாருடைய உறையையும் கையில் வாங்குவது குற்றம். "நானே பெட்டியில் போட்டுவிடுகிறேன் அம்மா" என்று உதவியாகச் சொல்பவரும் இதில் மாட்டுவார். உறையை அஞ்சல் பெட்டியில் நீங்களே போடுங்கள், அல்லது மகன், மகளிடம் கொடுங்கள்.

தில்லுமுல்லு நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிழக்கு லண்டனில் 2014 டவர் ஹாம்லெட்ஸ் மேயர் தேர்தலை 2015-இல் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. தபால் ஓட்டு முறைகேடு மட்டுமல்ல, மதத் தலைவர்கள் வழியாக வாக்காளர் மீது ஆன்மிக அழுத்தம் கொடுத்ததும் தீர்ப்பில் இருந்தது. கோயில், மசூதி, குருத்வாரா நிர்வாகிகள் எல்லோரும் படிக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் ஒரு சமூகத்தின் பெயர்ப்பட்டியலைப் பார்த்ததும் "பெரிய வீடு, நிறைய உறை, ஆகவே மோசடி" என்று எழுதுவது நியாயமில்லை. மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் வீட்டுக்கு எட்டு உறை வரத்தான் செய்யும்.

இல்ஃபோர்ட்_பார்வை

இல்ஃபோர்ட் நார்த் பக்கம் வருகிறேன். அங்கே கதையே வேறு. 2015-இல் ஸ்ட்ரீட்டிங் கன்சர்வேட்டிவிடமிருந்து 589 ஓட்டில் பிடித்தார். அப்போது எதிரி கன்சர்வேட்டிவ். 2024-இல் 528, எதிரி காஸா பிரச்சினையை முன்வைத்து நின்ற சுயேச்சை. கன்சர்வேட்டிவ் மூன்றாம் இடம். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றே, போட்டி முழுக்க வேறு.

இதையும் சிங்ஃபோர்ட் அண்ட் வுட்ஃபோர்ட் கிரீன் தொகுதியையும் சேர்த்துப் படியுங்கள். லேபர் கடைசி நேரத்தில் ஃபைசா ஷாஹீனை நீக்கிவிட்டு ஷமா டாட்லரை நிறுத்தியது. ஷாஹீன் சுயேச்சையாக நின்றார். இருவருக்கும் தலா பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஓட்டை ஒட்டி, நூறுக்கும் குறைந்த வித்தியாசம். கன்சர்வேட்டிவின் இயன் டங்கன் ஸ்மித் பதினேழாயிரம் சொச்சத்தில் ஜெயித்துவிட்டார். அதிக ஓட்டு வாங்கியவருக்கு வெற்றி என்ற முறையில் 35 சதவீதம் போதும், மற்ற இருவரும் சமமாகப் பிரித்துக்கொண்டால்.

சுயேச்சையாக நிற்க நினைப்பவர்கள் கவனிக்க: 500 பவுண்ட் வைப்புத்தொகை, பதிவான செல்லுபடி ஓட்டில் 5 சதவீதத்துக்குக் கீழ் போனால் திரும்பாது. தொகுதிப் பட்டியலில் உள்ள பத்துப் பேர் வேட்புமனுவில் கையெழுத்திட வேண்டும். பக்கத்துத் தொகுதிக்காரர் கையெழுத்திட்டால் செல்லாது. பதினைந்து பேரிடம் கையெழுத்து வாங்கிவைத்து, பட்டியல் எண்ணைச் சரிபார்த்து, கெடு நாளுக்கு மூன்று நாள் முன்பே கொண்டுபோய்ச் சோதனை பார்க்கச் சொல்லுங்கள்.

ரெய்னர்ஸ்லேன்

இல்ஃபோர்ட் தம்பி, காஸாதான் எல்லாம் எண்டு எனக்குப் படேல்லை. வாடகை, ஜிபி (குடும்ப வைத்தியர்) அப்பொயின்ற்மென்ற், கவுன்சில் வரி எண்டு உள்ளூர் கோபமும் அதுக்குள்ள கலந்து கிடக்கு. அக்ஸ்பிரிட்ஜ் அண்ட் சவுத் ரைஸ்லிப் தொகுதியைப் பாருங்கோ. 2023 ஜூலை இடைத்தேர்தலில லேபர் சுலபமாக எடுக்கும் எண்டு எல்லாரும் நினைச்சவை. 495 வாக்கால கன்சர்வேட்டிவ் வெண்டது. காரணம், ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட் கட்டுற புகைக்கட்டண வலயத்தை வெளி லண்டன் முழுக்க நீட்டுற திட்டம். பழைய டீசல் வான் வைச்சிருக்கிற சின்ன வியாபாரி எந்த மதமாக இருந்தாலும் கோபப்பட்டவன். ஒரு வருசத்துக்குள்ள 2024-இல அதே தொகுதி 587 வாக்கால லேபருக்குப் போனது.

இல்ஃபோர்ட்_பார்வை

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா, பாதி. ஆனால் வாடகைக் கோபம் மட்டும் இருந்திருந்தால் அந்த ஓட்டு கிரீன் கட்சிக்கும் லிபரல் டெமாக்ரட்டுக்கும் சிதறியிருக்கும். ஒரே சுயேச்சையின் பின்னால் பதினைந்தாயிரம் திரண்டது காஸாவால்தான்.

பிரசுரம்

சமூகத்துக்கு ஒரு பிரசுரம் என்று அச்சடிக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 லண்டன் மேயர் தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜாக் கோல்ட்ஸ்மித் தரப்பு தமிழர், குஜராத்தி, பஞ்சாபி வீடுகளுக்குத் தனித்தனிக் கடிதம் அனுப்பியது. லேபரின் சாதிக் கான் வந்தால் குடும்ப நகைக்கு வரி வரும் என்ற பயம் அதில் இருந்தது. நம் வீடுகளில் தாலிக்கொடியும் அட்டியலும் இருக்கும் அலமாரியைக் குறிவைத்து எழுதிய கடிதம் அது. குடும்பப்பெயரைப் பார்த்துப் பிரித்து அனுப்பியதால் பலருக்குக் கோபம்தான் வந்தது. கான் 57 சதவீதத்தை ஒட்டி வாங்கி ஜெயித்தார். தமிழில் பிரசுரம் போடுங்கள், நல்லது. ஆனால் தமிழில் சொல்வதையே குஜராத்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லுங்கள். புறநகரில் பிரசுரம் வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரத்தில் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

நடைமுறை விவரம் சில. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அஞ்சல் துறை ஒரு முறை இலவசமாக விநியோகிக்கும், எடை 60 கிராமுக்குள். அச்சடித்தவர், வெளியிடுபவர், யார் சார்பில் என்ற மூன்றின் பெயர் முகவரியும் இருக்க வேண்டும், இணைய விளம்பரத்துக்கும் இப்போது அதே மாதிரி விதி உண்டு. 2024-இல் நகர்ப்புறத் தொகுதி வேட்பாளரின் செலவு வரம்பு 11,390 பவுண்ட், அதோடு வாக்காளர் ஒருவருக்கு 8 பென்ஸ். 75,000 வாக்காளர் என்றால் 17,390 பவுண்ட். முடிவு வந்து 35 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும்.

சங்கங்கள் தவறும் இடம் இது: வேட்பாளரின் அனுமதி இல்லாமல் அவருக்காக ஒரு தொகுதியில் 700 பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அனுமதி வாங்கினால் அது வேட்பாளர் கணக்கில் ஏறும். 50 பவுண்டுக்கு மேற்பட்ட பணமோ பொருளோ நன்கொடை ஆகும். கொடுப்பவர் பிரிட்டன் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மாமா அனுப்பும் பணத்தை வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கென்டன்_வாசகன்

ஹென்டனின் 15 ஓட்டு எப்படி உறுதியாகிறது? அவ்வளவு குறைவாக இருந்தால் அறைக்குள் என்ன செய்வார்கள்?

எண்ணிக்கை_மேசை

ஹென்டனுக்கு இது புதிதில்லை. 2010-இல் அங்கே வித்தியாசம் 106.

முதல் கட்டம் சரிபார்ப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சீட்டு இருக்கிறது, சாவடிக் கணக்கோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். சீட்டு முகம் மேலே இருக்கும்படி எண்ணும் அந்த நேரத்தில்தான் கட்சிக்காரர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று குறிப்பெடுப்பார்கள். ஒரு பெட்டியில் ஐம்பது சீட்டைப் பார்த்துக் கோடு கோடாகப் போட்டு, அந்தச் சாவடி எப்படிப் போயிருக்கிறது என்று கணிப்பது. அறிவிப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே தோற்றவருக்குத் தெரிந்துவிடுவது இப்படித்தான்.

அடுத்து பிரித்து, கட்டுக் கட்டாக எண்ணுவது. நெருக்கமான போட்டியில் முதலில் கட்டுகளைப் பாருங்கள். ஒரு வேட்பாளரின் கட்டுக்குள் வேறொருவர் சீட்டு கலந்திருக்கிறதா, மேல் சீட்டு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கிறதா என்று புரட்டிக் காட்டச் சொல்லலாம். ஒரு கட்டு தப்பான தட்டில் போனால் அதுவே முடிவை மாற்றும்.

பிறகு சந்தேகச் சீட்டுகள். ஒரு தொகுதியில் நூறுக்கு மேல் செல்லாதவை வருவது சாதாரணம். குறுக்குக் குறிக்குப் பதில் டிக் போட்டிருந்தாலும், எண்ணம் தெளிவாக இருந்தால் செல்லும். இரண்டு பேருக்குக் குறி, வாக்காளரை அடையாளம் காட்டும் பெயர் அல்லது கையெழுத்து, வெற்றுச் சீட்டு ஆகியவை செல்லா. ஒவ்வொன்றையும் தேர்தல் அதிகாரி முகவர்களுக்குக் காட்டி முடிவு சொல்வார். அங்கே முகவர் தூங்கக் கூடாது. 15 ஓட்டு வித்தியாசத்தில் இந்தத் தட்டுதான் எல்லாம்.

மறு எண்ணிக்கையை வேட்பாளரோ முகவரோ கேட்கலாம். நியாயமில்லை என்றால் அதிகாரி மறுக்கலாம். முடிவை அறிவிப்பதற்கு முன் கேட்க வேண்டும், அறிவித்த பின் வழி ஒன்றுதான்: 21 நாளுக்குள் தேர்தல் மனு. சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல்.

கென்டன்_வாசகன்

கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் வேட்பாளர்களைக் கூட்டிக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பிறகு பிரசாதச் சாப்பாடும். இதில் எதைத் தவிர்க்க வேண்டும்?

பிரசுரம்

கோயில் பதிவு செய்த அறநிறுவனமாக இருந்தால், எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவு காட்டக் கூடாது. எல்லா வேட்பாளரையும் அழையுங்கள். எல்லோருக்கும் இடமில்லை என்றால், கவுன்சிலர் உள்ள கட்சிகள் மட்டும் என்பது மாதிரி நியாயமான அளவுகோல் ஒன்றை எழுதிவைத்து, அழைக்கப்படாதவர் பெயரை மேடையில் அறிவியுங்கள். இரண்டு பேரை மட்டும் காரணமில்லாமல் அழைத்தால் அது அவர்களுக்கான பிரசாரச் செலவாகக் கணக்கில் வரலாம்.

மண்டபத்தை ஒரு வேட்பாளருக்கு மட்டும் இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ தராதீர்கள். சந்தை வாடகைக்கும் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம் 50 பவுண்டைத் தாண்டினால் நன்கொடை, அறநிறுவனம் நன்கொடை கொடுக்கவே கூடாது.

சாப்பாடு வழக்கமான அன்னதானம் என்றால் பிரச்சினை இல்லை. அதை வேட்பாளர் பெயரில் உபயமாகப் போடாதீர்கள், அவர் கரண்டி பிடித்துப் பரிமாறும் படத்தைக் கோயில் பக்கத்தில் ஏற்றாதீர்கள். ஓட்டை மாற்றும் நோக்கத்தோடு உணவு கொடுப்பது குற்றம். மைக்கில் குருக்கள் யாருக்கும் ஆசி வழங்க வேண்டாம். எல்லா வேட்பாளருக்கும் ஒரே பொன்னாடை, ஒரே நேர அளவு, மூன்று நிமிடம் தொடக்க உரை. கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி, ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள்.

நிகழ்ச்சியைப் பதிவுக் கெடுவுக்கு முந்தைய வாரத்தில் வைத்தால், வாசலில் ஒரு மடிக்கணினியோடு இரண்டு இளைஞர்களை உட்கார வைக்கலாம். தேசியக் காப்பீட்டு எண்ணை எடுத்து வரச் சொல்லி அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

ரெய்னர்ஸ்லேன்

அந்த மடிக்கணினி யோசனை நல்லது. விண்ணப்பத்தை அந்தந்த ஆளே தன்ர கையால நிரப்பட்டும், பக்கத்தில இருக்கிறவை வாசிச்சு விளக்கினால் காணும். அந்த மேசையில எந்தக் கட்சியின்ர ரிப்பனோ பிரசுரமோ இருக்கக் கூடாது எண்டதையும் பொடியளுக்குச் சொல்லிவிடுங்கோ.